பழைய எல்.பி.யா, புது ரீஇஷ்யூவா? வீட்டிலேயே ஒப்பிட்டுக் கேட்க முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது இரண்டு ரெக்கார்டுகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். ஒன்று ஐம்பது அறுபது வருடம் பழையது, இன்னொன்று போன மாதம் வாங்கிய ரீஇஷ்யூ, அதாவது அதே ஆல்பத்தின் மறுவெளியீடு. பழையதைப் போட்டு ஒரு பாட்டு கேட்பார்கள். அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும், பெரும்பாலும் பழையதுதான் ஜெயிக்கும். அவர் தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து வால்யூமைத் துளி ஏற்றிவிட்டுப் புதியதை மறுபடி ஓட விட்டால், பாதிப் பேர் தீர்ப்பை மாற்றிவிடுவார்கள்.

அவர்கள் காது மோசம் என்று சொல்லவில்லை. ரெக்கார்டை மாற்றும்போது ஐந்தாறு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன: சத்தத்தின் அளவு, வேகம், அழுக்கு, தேய்மானம், ஊசி நிற்கும் கோணம், எந்த டேப்பிலிருந்து யார் வெட்டினார் (அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் பள்ளத்தைச் செதுக்கினார்) என்பது. நமக்குத் தெரிய வேண்டியது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவதுதான் இந்த வேலை. அதனால்தான் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன். கழுவாத ரெக்கார்டைப் பதிவு செய்தால், அப்புறம் செய்கிற எல்லாமே வீண்.

உதாரணத்துக்கு ஒரே ஆல்பத்தை வைத்துக்கொள்கிறேன்: ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, கொலம்பியா கம்பெனி, 1959. ரீஇஷ்யூக்கள் எக்கச்சக்கமாக வந்த ஆல்பம். தவிர, அதில் ஒரு பொறி இருக்கிறது. 6-ஆம் படியில் வரும்.

தொடங்கும் முன்

டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் உங்களிடம் இருக்கும். இவற்றோடு, ஊசியின் அழுத்தத்தை அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) நேர்படுத்தும் புரொட்ராக்டர் அட்டை, கணினியில் பதிவு செய்ய ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி மென்பொருள் ஆகியவை வேண்டும். ஆடாசிட்டி இலவசம். ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்து வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். இரண்டு ரெக்கார்டையும் ஒரே நாளில், ஒரே அறையில், எந்த வயரையும் கழற்றாமல் பதிவு செய்தாக வேண்டும்.

1. இது ஒப்பிடக்கூடிய ஜோடிதானா?

முதல் சறுக்கல் இங்கேயே நடக்கும். பழையது மோனோ, புதியது ஸ்டீரியோ என்றால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு கலவைகளை. அதில் பழசு, புதுசு என்ற கேள்விக்கே இடமில்லை. உறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். கடைகளில் உறையும் தட்டும் மாறிக் கிடப்பது சகஜம்.

1960-களில் வந்த பல எல்.பி.களில் ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருக்கும், ஆனால் மோனோ பதிவை வைத்துச் செயற்கையாகச் செய்ததாக இருக்கும். ஒரு பக்கம் கீழ் சுரங்களைத் தூக்கி, மறுபக்கம் மேல் சுரங்களைத் தூக்கி, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்திருப்பார்கள். லேபிளில் ‘மின்னணு முறையில் மாற்றப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

நம் உதாரண ஆல்பத்தின் ஸ்டீரியோவைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸ் இடது பக்கமும், கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ வலது பக்கமும் கேட்க வேண்டும். மாறிக் கேட்டால் உங்கள் வயர்களைப் பாருங்கள். ஒரு நண்பர் ஒரு வருடமாகக் கோல்ட்ரேனை வலது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரீஇஷ்யூ இரண்டு தட்டுகளாக, நிமிடத்துக்கு 45 சுழற்சியில் வந்திருக்கிறதா? அப்படியானால் அதன் சாதகம் முழுவதும் மாஸ்டரிங்கால் (டேப்பின் ஒலியைத் தட்டுக்காகச் சீர்படுத்துவது) வந்ததல்ல. 33⅓ சுழற்சியில் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. உள் ஓரத்தில் அது 21 செ.மீ. வரை இறங்கிவிடும். அதே அலைகளை அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டு பல ரெக்கார்டுகளில் கரகரக்கிறது. ஒன்றில் பக்கத்தின் கடைசியில் வரும் பாட்டு இன்னொன்றில் பக்கத்தின் முதலில் வந்தால், அந்தப் பாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

2. டெட் வாக்ஸைப் படியுங்கள்

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதைத்தான் டெட் வாக்ஸ் என்கிறோம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே கீறியும் அச்சடித்தும் வைத்த எழுத்துகள் தெரியும். லேபிள் எந்தக் கம்பெனி என்று சொல்லும். யார், எப்போது வெட்டியது என்று சொல்வது இந்த வளையம்.

காரணம் இதுதான். ஒரே ‘1959 ஆல்பம்’ பல முறை வெட்டப்பட்டிருக்கும், பல ஆலைகளில் அச்சாகியிருக்கும். பழைய லேபிளோடு இருப்பதெல்லாம் முதல் வெட்டு அல்ல. ‘பழையது நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன், எந்தப் பழையது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

சில அடையாளங்கள் பழகிவிட்டால் கண் தானாகப் போய் நிற்கும். ப்ளூ நோட் ஜாஸ் எல்.பி.களில் ‘ஆர்.வி.ஜி.’ என்ற எழுத்துகள் இருந்தால் ஒலிப் பொறியாளர் ரூடி வான் கெல்டர் வெட்டியது. ஆனால் அதை மட்டும் வைத்து முதல் அச்சு என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 1966-ல் கம்பெனி கைமாறிய பிறகும் அவருடைய வெட்டிலிருந்து தொடர்ந்து அச்சிட்டார்கள். அதற்கு முன் அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் குறி, காது போல வளைந்த ஒரு சின்ன எழுத்து. அதையும் தேடுங்கள்.

பிரிட்டனின் இ.எம்.ஐ. தட்டுகளில் ஸ்டாம்பரின் (தட்டை அச்சடிக்கும் உலோக அச்சு) எண்ணை எழுத்துகளில் மறைத்திருப்பார்கள். கிராமோஃபோன் கம்பெனி பெயரின் எழுத்துகளே எண்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படியே போகும். ‘ஜி.ஆர்.’ என்று இருந்தால் 12-ஆவது ஸ்டாம்பர்.

நம் ஊர்ப் பழைய கடைகளில் கிடைக்கும் ஆங்கில எல்.பி.களில் கணிசமானவை கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. ‘ஒரிஜினல் சார்’ என்று கொடுப்பார்கள். டெட் வாக்ஸில் லண்டன் வெட்டின் எண் அப்படியே இருந்தால், வெட்டு அங்கே, அச்சு இங்கே என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் அது தனிக் கணக்கு.

இரண்டு பக்கத்தின் எழுத்துகளையும் ஒரு தாளில் அப்படியே எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். ரெக்கார்டு பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடிப் பொருத்தும்போது பட்டியல் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஒரே பட்டியல் எண்ணில் இருபது முப்பது பதிப்புகள் நிற்கும்.

3. இரண்டையும் கழுவுங்கள், புதியதையும்

‘புதுசுதானே, எதற்கு?’ என்று எல்லோரும் கேட்பார்கள். காகித உறையின் தூள், அச்சு ஆலையின் துகள் எல்லாம் புதுத் தட்டிலும் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கழுவி மற்றதை விட்டால், நீங்கள் கேட்பது சோப்பின் வித்தியாசத்தை.

நான் பயன்படுத்துவது நான்கு பங்கு காய்ச்சி வடித்த தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒரு முறை அலச வேண்டும். லேபிள் நனையக் கூடாது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு அதன் உப்பு பள்ளத்தில் தங்கி, அழுக்கைவிட மோசமாகப் பொரியும்.

78 சுழற்சி ஷெல்லாக் தட்டுகளில் இந்தக் கலவையைத் தொடவே கூடாது. ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும்.

காய வைக்கும்போது செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபேனுக்கு நேரே வைத்தால் ஈரத்தில் தூசு ஒட்டும், வெயிலில் வைத்தால் வளையும். கடலோர ஊர்களில் பழைய தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். அப்படி இருந்தால் இரண்டு முறை கழுவுங்கள். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய உறையில் வையுங்கள், இல்லையென்றால் அதே பூஞ்சை திரும்பி வரும்.

4. தேய்மானமா, அச்சுக் குறையா?

கழுவிய பிறகு இரண்டையும் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். எது நல்லது என்று யோசிக்காமல், கோளாறுகளை மட்டும் நேரத்தோடு குறித்துக்கொண்டே போங்கள்.

பழைய தட்டில் தேட வேண்டியது தேய்மானம். ஐந்தாறு கிராம் அழுத்தத்தில் ரேடியோகிராமில் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பழைய பெட்டி) ஓடிய தட்டாக இருந்தால், மேலே பளபளவென்று இருந்தாலும் பள்ளத்தின் சுவர் நைந்திருக்கும். தூசு டிக் டிக்கென்று அங்கங்கே கேட்கும். தேய்மானம் அப்படி இல்லை, உரத்த இடத்தில் மட்டும் வரும். மியூட் போட்ட ட்ரம்பெட் ஏறும்போது ஓரம் கிழிந்த மாதிரி கரகரப்பு, பாடகர் ‘ச’ சொல்லும்போது எச்சில் தெறிப்பது போன்ற சத்தம். கழுவினாலும் போகாது.

புதிய தட்டில் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, பள்ளத்தில் பிளாஸ்டிக் சரியாக நிரம்பாமல் போனது. ஜிப்பை இழுப்பது போல ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சர்ரென்று கேட்கும். கனமான புதுத் தட்டுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இன்னொன்று, துளை நடுவில் இல்லாதது. ஊசிக்கை இடதும் வலதுமாக ஆடுகிறதா என்று பாருங்கள். துளை 1 மி.மீ. விலகினால், தட்டின் நடுப்பகுதியில் சுருதி சுமார் 1 சதவீதம் ஏறி இறங்கும், 1.8 நொடிக்கு ஒரு முறை. நீண்டு ஒலிக்கும் பியானோவில் அது அப்பட்டமாகத் தெரியும்.

இந்தக் குறைகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பிரதியின் குறைகள். அந்தப் பதிப்பு முழுவதையும் அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. ரீஇஷ்யூவில் துளை விலகியிருந்தால் கடைக்காரரிடம் மாற்றி வாங்கிவிட்டு ஒப்பிடுங்கள். பழையது மோசமாகத் தேய்ந்திருந்தால் ஒப்பீட்டை இங்கேயே நிறுத்திவிடலாம். நான் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன், மனம் வராமல்தான்.

5. ஊசியைச் சரியாக நிறுத்துங்கள், அப்புறம் தொடாதீர்கள்

கார்ட்ரிட்ஜைப் புரொட்ராக்டரில் நேர்படுத்துங்கள். அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் குதிக்கும், குதிக்கிற ஊசிதான் சுவரைச் சிதைக்கும்.

ஊசிக்கையின் உயரத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். 180 கிராம் ரீஇஷ்யூ, 120–140 கிராம் பழைய தட்டைவிடத் தடிமன். அதனால் ஊசியின் கோணம் மாறும் என்பது உண்மை. எவ்வளவு மாறும்? சுமார் 230 மி.மீ. நீளமுள்ள கையில் 1 மி.மீ. உயரத்துக்குக் கால் டிகிரி. இரண்டு தட்டின் தடிமன் வித்தியாசம் பெரும்பாலும் அந்த 1 மி.மீ.கூட வராது. இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இரண்டுக்கும் நடுவான உயரத்தில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். தட்டுக்குத் தட்டு கையை ஏற்றி இறக்குபவர்கள் மூன்றாவது தட்டில் எங்கே விட்டோம் என்று மறந்துவிடுகிறார்கள். அது கால் டிகிரியைவிடப் பெரிய பிழை.

ஒரு தட்டை இருபது நிமிடம் ஓட விட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஊசியைத் தாங்கும் ரப்பர் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஏ.சி. போட்ட அறையில் ஒன்று, போடாத அறையில் ஒன்று என்று பதிவு செய்யாதீர்கள்.

6. வேகத்தைச் சோதியுங்கள்

வட்டமாகக் கோடுகள் வரைந்த ஸ்ட்ரோப் தாள் ஒன்றை அச்செடுத்துத் தட்டின் மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் தாள்களில் பல அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை, 33⅓-க்கு 216 கோடுகள் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடுகள் இருக்க வேண்டும். அடுத்தது விளக்கு. பல எல்.இ.டி. பல்புகள் மின்சாரத்தோடு சேர்ந்து சிமிட்டுவதில்லை, கோடுகள் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். குண்டு பல்போ நியான் இண்டிகேட்டரோ வேண்டும்.

இப்போது அந்தப் பொறி. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் மூன்று பாட்டும் 1959 மார்ச் 2-ஆம் தேதி பதிவானவை. அன்று முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகும், சுருதியும் ஏறும். அப்படியேதான் முப்பது வருடத்துக்கு மேல் தட்டுகள் வந்தன. 1992-ல்தான் அதே நாளில் கூடவே ஓடிய மாற்று டேப்பை எடுத்துச் சரி செய்து வெளியிட்டார்கள். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22-ஆம் தேதி பதிவு, அதில் இந்தக் கோளாறு இல்லை.

ஆக, பழைய தட்டின் முதல் பக்கத்தையும் திருத்திய ரீஇஷ்யூவையும் அடுத்தடுத்துக் கேட்டால், பழையது ‘உயிரோட்டமாக’ இருக்கிறது, புதியது ‘தூங்குகிறது’ என்று தோன்றும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். தம்புராவை ஒரு துளி ஏற்றினால் பாட்டே துடிப்பாகிவிடும் இல்லையா, அதேதான். இது டேப் இயந்திரத்தின் குணம். வினைல், அனலாக், பழைய கால அக்கறை எதற்கும் இதில் பங்கில்லை. அதனால் இந்த ஆல்பத்தை இரண்டாம் பக்கத்தை வைத்தே ஒப்பிடுங்கள். வேறு ஆல்பங்களிலும் இரண்டு தட்டிலும் ஒரே இடத்தில் சுருதி ஒன்றாக நிற்கிறதா என்று ஒரு கீபோர்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7. பதிவு செய்யுங்கள்: பழையது, புதியது, மறுபடி பழையது

ஒலியின் நுட்பமான வித்தியாசம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. தட்டை மாற்றி ஊசியை வைக்க நாற்பது நொடி ஆகும். அந்த இடைவெளியில் நினைவு போய் அபிப்பிராயம் வந்து உட்கார்ந்துவிடும். கணினியில் பதிந்துவிட்டால் ஒரே நொடியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். இரண்டில் எது உரக்க வெட்டியதோ அதை முதலில் போட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே வருமாறு கெயினை (பதிவின் ஒலி அளவு) வையுங்கள். அப்புறம் அந்தக் குமிழைத் தொடக் கூடாது. ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன் நான்.

பழையதைப் பதிந்து, புதியதைப் பதிந்து, பிறகு பழையதை மறுபடி பதியுங்கள். இந்த மூன்றாவது பதிவைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், எனக்கு இதுதான் உயிர். ஒரே தட்டின் இரண்டு பதிவுகளுக்கு நடுவே உங்களுக்கு ‘வித்தியாசம்’ கேட்டால், அந்த அளவு வித்தியாசத்தைப் பழையதுக்கும் புதியதுக்கும் நடுவே கேட்டாலும் கணக்கில் சேர்க்க முடியாது. முதன்முதலில் இதைச் செய்தபோது, முதல் பதிவில் பாஸ் கிட்டார் ‘இன்னும் உருண்டையாக’ இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டும் அதே தட்டு, அதே பக்கம், அரை மணி நேர இடைவெளி. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

8. சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மற்ற பத்தும் பயனில்லை. ஒரு டெசிபல் உரக்க இருப்பது காதுக்கு ‘உரக்க’ என்று தெரியாது. தெளிவாக, நெருக்கமாக, கனமாக இருப்பதாகத்தான் தெரியும்.

தட்டுக்குத் தட்டு வெட்டின் உரம் மாறும். ராக் குழு லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பத்தை 1969-ல் பொறியாளர் பாப் லுட்விக் வெட்டியது இதற்குப் பேர் போனது. டெட் வாக்ஸில் ‘ஆர்.எல்.’ என்று இருக்கும். அவ்வளவு உரக்க வெட்டியதால் சாதாரண பிளேயர்களில் ஊசி தாவியது, கம்பெனி அதை நிறுத்திவிட்டு அடக்கமாக மறுபடி வெட்டச் சொன்னது. அந்த முதல் வெட்டையும் ஒரு ரீஇஷ்யூவையும் குமிழைத் தொடாமல் ஒப்பிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயர் குமிழில் கணக்குப் போட்டுச் சமன் செய்ய முடியாது, பதிவில்தான் செய்ய முடியும். இரண்டு பதிவிலும் ஒரே தாளத்தில் தொடங்கி ஒரே தாளத்தில் முடிகிற ஒரு நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆல் ப்ளூஸ்’ பாட்டில் டேவிஸின் சோலோ வசதியான இடம். அளப்பதற்கு முன் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இரண்டிலும் வடிகட்டுங்கள். வளைந்த தட்டு ஏறி இறங்கும்போது வரும் உறுமல் காதுக்குக் கேட்காது, ஆனால் அளவுமானியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆடாசிட்டியின் கான்ட்ராஸ்ட் கருவியில் இரண்டு பகுதிகளின் ஆர்.எம்.எஸ். அளவையும் (சராசரி ஒலி அளவு) பாருங்கள். உரக்க இருப்பதைக் குறையுங்கள், மெதுவாக இருப்பதை ஏற்றாதீர்கள், உச்சம் வெட்டுப்படும். வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் வரும் வரை விடாதீர்கள்.

உச்ச அளவை வைத்துச் சமன் செய்வது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. ஒரே ஒரு கீறலின் ‘டப்’ சத்தம்தான் அந்த உச்சமாக இருக்கும்.

9. எது என்று தெரியாமல் கேளுங்கள்

2022 ஜூலையில் ரீஇஷ்யூக்கள் வெளியிடும் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பொறியாளர்கள், தங்கள் வெளியீடுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். அதுவரை அவற்றைச் சுத்தமான அனலாக் என்று நம்பிக் கொண்டாடியவர்களில் உலகத்தின் நுட்பமான காதுக்காரர்களும் உண்டு. லேபிளைப் படித்த பிறகு காது தனியாக இயங்காது, என் காதும்தான்.

ஃபூபார்2000 மென்பொருளில் ஏ.பி.எக்ஸ். ஒப்பீட்டு வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது பெயர் மறைத்து ஒலிக்க விடும், நீங்கள் எது என்று சொல்ல வேண்டும். 16 முறை கேளுங்கள். 12 சரியாக இருந்தால், வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை. 9, 10 என்று நின்றால் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தட்டின் பொரியல் சத்தமே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பொரியல் இல்லாத, இசை நிறைந்த பத்து நொடிகளை மட்டும் வெட்டி எடுங்கள். சுருதி வித்தியாசம் உள்ள பாட்டை இதற்கு எடுக்கவே கூடாது, 16-க்கு 16 வாங்கிவிட்டுத் தட்டின் தரத்தைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

வித்தியாசம் கேட்கிறது என்று உறுதியான பிறகுதான் எது பிடிக்கிறது என்ற கேள்வி. அதையும் பெயர் தெரியாமலே செய்யுங்கள். கோப்புகளுக்கு ‘க’, ‘ங’ என்று வீட்டில் யாரையாவது பெயர் வைக்கச் சொல்லுங்கள். ‘எது நன்றாக இருக்கிறது?’ என்று மொத்தமாகக் கேட்டுக்கொள்ளாமல் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ‘ஆல் ப்ளூஸ்’ தொடக்கத்தில் பியானோ நடுங்கிக்கொண்டே இருக்கும், அதன் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறதா, குழைந்து ஒரே படலமாகிவிடுகிறதா? டபுள் பேஸின் கீழ் சுரங்களில் சுரம் கேட்கிறதா, இடி மட்டும் கேட்கிறதா? சிம்பல் தட்டிய பிறகு உலோகம் மெல்ல அடங்குகிறதா, சட்டென்று மறைகிறதா?

10. வரைபடத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை முதலிலேயே பார்த்துவிட்டால், பார்த்ததைத்தான் கேட்பீர்கள். கேட்டு எழுதிய பிறகு திறவுங்கள்.

ஒரே பகுதிக்கு இரண்டு வரைபடமும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். மேல் சுரங்களில் பழையது ஓரிரண்டு டெசிபல் தூக்கலாக இருந்தால், பழைய வெட்டில் அப்படி ஏற்றியிருக்கலாம், அல்லது ரீஇஷ்யூவுக்கு எடுத்த டேப் வயதாகி மங்கியிருக்கலாம், அல்லது நகலின் நகலாக இருக்கலாம். எது என்று வரைபடம் சொல்லாது. 5 கிலோஹெர்ட்ஸ் அருகே அகலமான ஒரு மேடு ரீஇஷ்யூவில் மட்டும் இருந்தால், நீங்கள் எழுதிய ‘பளிச்’ என்ற சொல்லுக்கு அதுதான் காரணம்.

டி.ஆர். எண்ணை (உரத்த உச்சத்துக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவது) நம்பி வினைலைப் புகழாதீர்கள். ஒரே டிஜிட்டல் மாஸ்டரைத் தட்டில் வெட்டி மறுபடி பதிந்தாலே அந்த எண் ஏறிவிடும். வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் அலையின் வடிவம் மாறுவதால் உச்சங்கள் உயர்கின்றன, அவ்வளவுதான். நசுக்கிய ஒலி விரிந்துவிடுவதில்லை.

11. எழுதி வையுங்கள்

இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: ‘பழையது: ஸ்டீரியோ, லேபிளில் ஆறு கண், டெட் வாக்ஸ் போட்டோ 3, 4. லேசான தேய்மானம், கடைசி இரண்டு நிமிடம். ரீஇஷ்யூ: 180 கிராம், துளை சரி. சமன் செய்யக் குறைத்தது: பழையதில் 1.6 டெசிபல். ஏ.பி.எக்ஸ். 14/16. சிம்பல் பழையதில் நீளம், பேஸ் புதியதில் தெளிவு. தினசரி கேட்க: புதியது.’

ஆறு கண் என்பது கொலம்பியாவின் பழைய லேபிளில் கண் போன்ற ஆறு சின்னங்கள். ‘எது சிறந்தது’ என்ற வரி அதில் இல்லை, கவனித்திருப்பீர்கள். இந்தப் பிரதியும் அந்தப் பிரதியும் என்றுதான் எழுத முடியும். இதே ஆல்பத்தின் வேறு ரீஇஷ்யூ வந்தால் அதை 1-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டும், இந்த முடிவை அதன் தலையில் கட்ட முடியாது.

பதிவுக் கோப்புகளை அழிக்காதீர்கள், குறிப்பாக அந்த மூன்றாவது பதிவை. கோப்பின் பெயரிலேயே டெட் வாக்ஸ் எண், தேதி, ஊசியின் பெயர் மூன்றையும் போடுங்கள். ஊசி மாற்றிய பிறகு எடுக்கும் பதிவைப் பழைய ஊசியின் பதிவோடு சேர்த்துக் கேட்டுவிட்டு, ‘அந்த ரீஇஷ்யூ இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று போன் செய்தவர்கள் உண்டு.